கச்சேரிக்குப் போன இடத்தில்: எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

திண்டுக்கல்லில் இருந்து கிளம்பும் ஒரு மெல்லிசைக் குழுவில் 19 வருடமாகப் பாடுகிறேன். கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்பார். திருவிழாவுக்குப் போனால் கமிட்டிப் பையன்கள் கேட்பார்கள். இப்போது புதிதாகச் சேர வரும் பிள்ளைகளின் அம்மாக்கள் போனில் கேட்கிறார்கள். கேள்விகளை அவரவர் வாயில் வந்தபடியே எழுதி, நடந்ததை நடந்தபடி பதிலாகச் சொல்லியிருக்கிறேன். ஆட்களின் பெயரை எழுதவில்லை. அவர்கள் எல்லாரும் எங்களுக்குச் சோறு போட்டவர்கள்.

ஆர்க்கெஸ்ட்ரான்னா ஊர்வலத்துல போற பேண்டு வாத்தியமா?

இல்லை. பேண்டு வாத்தியக்காரர்கள் நடந்துகொண்டே வாசிப்பவர்கள். நாங்கள் நாடக மேடையிலோ, அது இல்லாத ஊரில் டிராக்டர் டிரெய்லர் இரண்டைச் சேர்த்துப் போட்ட மேடையிலோ நின்று சினிமாப் பாட்டுப் பாடுகிறவர்கள். கீபோர்டு, கிட்டார், தபேலா, டோலக், ரிதம் பேட், புல்லாங்குழல், பாடகர் நான்கு பேர், அறிவிப்பாளர் என்று ஒரு வேன் நிறைய ஆட்கள். மைக் செட் தனி வண்டியில் வரும்.

பங்குனியில் தொடங்கி ஆடி வரை ஓட்டம்தான். இந்த ஓட்டம் எங்கள் மண்ணுக்குப் புதிதல்ல. இளையராஜா தன் 14 வயதில் அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவில் சேர்ந்து இப்படித்தான் ஊர் ஊராகப் போனார். எங்கள் தபேலா அண்ணன் வேன் கிளம்பும்போதெல்லாம் அவர் பெயரைச் சொல்லிக் கும்பிட்டுவிட்டுத்தான் உட்காருவார்.

ஊர் மாறிப் போனதுண்டா?

உண்டு. எங்கள் பக்கம் எந்தத் திசையில் போனாலும் ஒரு புதுப்பட்டி வரும். அப்படி ஒரு புதுப்பட்டிக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்குப் போய் இறங்கினோம். ஊர் எல்லையில் தோரணம், வேப்பிலை, ரேடியோ செட்டில் அம்மன் பாட்டு. “வாங்க வாங்க, முதல்ல சாப்பிடுங்க” என்று இலை போட்டார்கள். சாப்பிட்டு, சாமான் இறக்கி, கீபோர்டு ஸ்டாண்டை விரித்து, மைக்கில் “செக், செக்” சொல்லியும் ஆகிவிட்டது.

ஆறரை மணிக்கு இன்னொரு வேன் வந்து நின்றது. அதிலிருந்தும் ஒருத்தர் கீபோர்டைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். கமிட்டித் தலைவர் அவரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், கையில் இருந்த நோட்டீஸைப் பார்த்தார். எங்களுக்கான புதுப்பட்டி அங்கிருந்து நாற்பது கிலோமீட்டர். வந்த குழுவினர் கோபப்படவே இல்லை. எங்கள் சாமானை வண்டியில் ஏற்ற அவர்களே கைகொடுத்தார்கள். ஊர்ப் பெண்கள் மிச்சப் பாயசத்தைத் தூக்குவாளியில் ஊற்றிக் கொடுத்து அனுப்பினார்கள். சரியான புதுப்பட்டிக்கு ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். அங்கேயும் எங்களுக்காகச் சாப்பாடு காத்திருந்தது. மறுபடியும் சாப்பிட்டோம். வேண்டாம் என்று சொன்னால் அந்த ஊர் மனம் நோகும்.

இப்பத்தான் போன்ல மேப் இருக்கே, இன்னுமா அப்படி ஆகுது?

மேப் ஊரைக் காட்டும், கோவிலைக் காட்டாது. அதனால் அட்வான்ஸ் வாங்கும்போதே கோவில் பெயர், எந்த ஊருக்குப் போகும் மெயின் ரோட்டில் பிரிய வேண்டும், ஊருக்குள் வரும் பஸ்ஸின் எண் மூன்றையும் நோட்டில் எழுதிக்கொள்கிறோம். பஸ் எண் தெரிந்தால் எந்தப் பெட்டிக்கடையில் கேட்டாலும் வழி சொல்லிவிடுவார்கள்.

இன்னொரு சங்கடம் ரயில்வே சுரங்கப்பாதை. மேப் அதன் வழியாகத்தான் அனுப்பும். வேன் கூரையில் ஸ்பீக்கர் பெட்டி கட்டியிருந்தால் நுழையாது. ஒரு முறை பாதி நுழைந்து மாட்டிக்கொண்டோம். டயரில் காற்றை இறக்குங்கள் என்று ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் சொன்னார். இறக்கினோம். நாலு விரற்கடை தாழ்ந்தது, வேன் வெளியே வந்துவிட்டது. பிறகு காற்றடிக்க மூன்று கிலோமீட்டர் உருட்டிப் போனது வேறு கதை.

யாரையாவது வழியில விட்டுட்டுப் போயிருக்கீங்களா?

புல்லாங்குழல் தம்பியை. ராத்திரி இரண்டு மணி, நான்குவழிச் சாலையோரம் டீக்கடை. எங்களுடையதைப் போலவே வெள்ளை வேன் இன்னொன்று பக்கத்தில் நின்றது. அவன் டீ குடித்துவிட்டு வந்து ஏறி, போர்வையை இழுத்து மூடித் தூங்கிவிட்டான். ஏறியது பழநிக்குப் போகிற வேன். அந்த வேனில் இருந்தவர்கள் ஏதோ மாமன் மகன் என்று நினைத்து, காலடியில் இருந்த காவடிக் கட்டை நகர்த்தி இடம் விட்டிருக்கிறார்கள்.

அவன் போன் எங்கள் வேனில் சார்ஜில் கிடந்தது. விடிந்ததும்தான் எங்களுக்கு ஆள் குறைவது தெரிந்தது. அவனுக்கோ பழநி அடிவாரத்தில் யாரோ நெற்றியில் விபூதி பூசும்போதுதான் விழிப்பு வந்தது. அவர்கள் விடவில்லை, படியேற்றி, தரிசனம் முடித்து, பஞ்சாமிர்த டப்பாவோடு பஸ் ஏற்றி அனுப்பினார்கள். அன்று சாயங்காலக் கச்சேரிக்கு எங்களுக்கு முன்னால் மேடையில் உட்கார்ந்திருந்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு நிறுத்தத்திலும் டிரைவர் அண்ணன் தலையை எண்ணாமல் சாவியைப் போட மாட்டார்.

மைக்குல ஷாக் அடிக்கும்னு சொல்றாங்களே, சும்மா பயமுறுத்துறாங்களா?

சும்மா இல்லை. இதை மட்டும் என்னால் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது. கிட்டார் கம்பி அதன் ஆம்ப்ளிஃபயரின் எர்த்தோடு சேர்ந்திருக்கும். மைக்கின் உலோக உடம்பு, எல்லாச் சத்தத்தையும் சேர்க்கும் மிக்சர் கருவியின் எர்த்தோடு சேர்ந்திருக்கும். இரண்டில் ஒன்றுக்கு எர்த் சரியில்லை என்றால், கம்பியில் கையும் மைக்கில் உதடும் படுகிற நேரத்தில் மின்சாரத்துக்கு நாமே வழியாகிவிடுவோம். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த லெஸ் ஹார்வி என்ற கிட்டார்க்காரர் 1972-ல் வேல்ஸில் உள்ள ஸ்வான்சீ நகர மேடையில், எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு இறந்துபோனார்.

நாங்கள் மேடைக்குப் போனதும் செய்யும் முதல் வேலை, டெஸ்டரை மைக்கின் மேல் வைத்துப் பார்ப்பது. மேடைச் சாமான் எல்லாம் ஒரே இடத்திலிருந்து கரண்ட் எடுக்க வேண்டும், எர்த் கம்பி ஈர மண்ணில் இறங்க வேண்டும். “கைக்குட்டையைச் சுத்திக்கிட்டுப் பாடும்மா” என்று யாராவது சொன்னால் பாடாதீர்கள். சரிசெய்யச் சொல்லிக் காத்திருங்கள்.

நடுப்பாட்டுல கரண்ட் போனா என்ன பண்ணுவீங்க?

தபேலாவுக்கும் டோலக்குக்கும் கரண்ட் வேண்டாம், தொண்டைக்கும் வேண்டாம். தாளம் நிற்காமல் இருந்தால் கூட்டம் எழுந்து போகாது.

சிவகங்கைப் பக்கம் ஒரு மாரியம்மன் திருவிழாவில் ஜெனரேட்டர் டீசல் தீர்ந்து நின்றது. ஜெனரேட்டர்க்காரர் பகலெல்லாம் சாமி ஊர்வலத்துக்கு லைட் போட்ட களைப்பில் வைக்கோல் போரில் தூங்கிக்கொண்டிருந்தார். நான் அப்போது ஒரு தாலாட்டுப் பாட்டின் சரணத்தில் இருந்தேன். இருட்டு. தபேலா அண்ணன் வாசிப்பை நிறுத்தவில்லை. நானும் நிறுத்தவில்லை. என் குரல் பத்தாவது வரிசைக்கு மேல் கேட்டிருக்காது. முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் கூடச் சேர்ந்துகொண்டார்கள், அவர்களிடமிருந்து பின்னால் உட்கார்ந்தவர்களுக்குப் பாட்டு போனது. யாரோ டிராக்டரிலிருந்து டீசல் உறிஞ்சிக் கொண்டுவந்து ஊற்றினார்கள். லைட் எரிந்தபோது நான் பாடவில்லை, மொத்த ஊரும் பாடிக்கொண்டிருந்தது. அந்தப் பாட்டை இப்போது எங்கே பாடினாலும் எனக்கு அந்த இருட்டுதான் ஞாபகம் வருகிறது.

பாடும்போது வாய்க்குள்ள பூச்சி போகுமா?

போகும். முதல் மழை பெய்த அன்று சாயங்காலம் ஈசல் கிளம்பும். மேடையில்தானே பெரிய லைட் இருக்கிறது, நேராக அங்கே வந்துவிடும். பல்லவியை மூச்சிழுத்து ஆரம்பிக்கும் நேரத்தில் ஒன்று உள்ளே போய்விட்டது. தண்ணீர் குடித்தாலும் இறகு நாக்கில் ஒட்டிக்கொண்டு வராது. கூடப் பாடிய அண்ணன் என் வரிகளையும் சேர்த்து, பெண் குரலில் பாடிச் சமாளித்தார். கூட்டம் அதைத்தான் ஒன்ஸ்மோர் கேட்டது.

இப்போது மழை வாடை அடித்தாலே மேடை லைட்டைக் குறைத்துவிட்டு, தள்ளி ஒரு கம்பத்தில் தனியாக ஃபோகஸ் லைட் போடச் சொல்கிறோம். ஈசல் அங்கே போய்விடும். அதன் அடியில் பாத்திரம் வைத்துப் பிடித்து, மறுநாள் வறுத்துப் பொரியோடு தின்கிற ஊர்களும் உண்டு. இந்தத் தொல்லை பெரிய ஆட்களுக்கும் வரும். 2010 ஜூலையில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் பக்கம் கிங்ஸ் ஆஃப் லியோன் என்ற குழு, மேலே உட்கார்ந்திருந்த புறாக்கள் எச்சமிட்டுக்கொண்டே இருந்ததால், மூன்று பாட்டோடு மேடையை விட்டு இறங்கிவிட்டது.

ஆடு மிருதங்கத்தை நக்கின கதை நிஜமாவா?

நிஜம். மிருதங்கத்தின் இடது பக்கத் தொப்பியில் ரவையைத் தண்ணீரில் குழைத்து அப்புவார்கள். அந்தக் கனத்தில்தான் கீழ்நாதம் வரும். அன்று பக்திப் பாடல் நிறைய இருந்ததால் மிருதங்கம் வாசிக்க ஒரு தம்பியை அழைத்துப் போயிருந்தோம். ரவை ஒட்டி, மேடைக்குப் பின்னால் நிமிர்த்தி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனான். திரும்பி வந்தபோது ஒரு வெள்ளாடு ரவையைச் சுத்தமாக நக்கி முடித்து, தோலையும் நக்கிக்கொண்டிருந்தது. தோல் ஈரமாகி ஊறிப்போய்விட்டது.

துடைத்து, ஹாலஜன் லைட்டுக்கு முன்னால் தூரமாகப் பிடித்துக் காயவைத்தோம். வேறு ரவைக்கு எங்கே போவது? கோவில் மடப்பள்ளியில் கேசரிக்கு வைத்திருந்ததில் ஒரு கைப்பிடி கிடைத்தது. அன்றிலிருந்து என் கைப்பையில் ஒரு பொட்டலம் ரவை எப்போதும் இருக்கும்.

பாட்டு ஆரம்பிச்சதும் திடீர்னு நிறுத்திட்டு மறுபடி ஆரம்பிக்கிறீங்களே, ஏன்?

பெரும்பாலும் கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பொத்தான்தான் காரணம். முந்தைய பாட்டுக்கு அரைக் கட்டை ஏற்றிவைத்ததை இறக்க மறந்திருப்பார்கள். கீபோர்டு ஒரு சுருதியில், புல்லாங்குழல் ஒரு சுருதியில் கிளம்பும். அந்த இடத்தில் நிறுத்துவதுதான் நல்லது.

இன்னொரு காரணம், எங்களுக்கு எங்கள் குரலே கேட்காதது. மேடையில் எங்களைப் பார்த்துத் திரும்பியிருக்கும் பெட்டிக்கு மானிட்டர் என்று பெயர். செலவைக் குறைக்க மைக் செட்டில் முதலில் கழற்றப்படுவது அதுதான். 1965-ல் நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் 55,000 பேருக்கு மேல் கூடியிருக்க பீட்டில்ஸ் குழுவினர் பாடினார்கள். அந்தக் காலத்தில் மேடை மானிட்டரே கிடையாது. ரசிகர்கள் போட்ட கூச்சலில் தாங்கள் வாசிப்பது தங்களுக்கே கேட்காமல்தான் அன்று வாசித்து முடித்தார்கள். கமிட்டிக்காரர்களே, மானிட்டருக்கு ஆகும் காசைத் தயவுசெய்து மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஊர்ப் பேரை மாத்திச் சொல்லிட்டா என்னாகும்?

கூட்டம் கத்தும், பிறகு ஒரு மாதிரி அமைதியாகிவிடும். கத்தலைவிட அந்த அமைதிதான் வலிக்கும். தொடர்ந்து ஐந்து நாள் ஐந்து ஊர் போனால் அறிவிப்பாளருக்கு நாக்கு புரள்வது இயல்பு. ஆனால் அந்த ஊர்க்காரருக்கு வருடத்தில் ஒரு நாள் திருவிழா. வீட்டுக்கு வீடு வரி போட்டு எங்களை அழைத்திருக்கிறார்கள். அந்த மேடையில் முந்தின நாள் ஊரை வாழ்த்தினால் அவர்களுக்கு எப்படி இருக்கும்? ஒரு முறை அப்படி ஆனபோது அறிவிப்பாளர் அண்ணன் உடனே மேடையை விட்டு இறங்கிப் போய் பெரியவர்கள் முன்னால் மன்னிப்புக் கேட்டார். இப்போது ஊர் பெயரையும் அம்மன் பெயரையும் கொட்டை எழுத்தில் எழுதி மைக் ஸ்டாண்டில் ஒட்டுகிறோம்.

அதே மைக்கில்தான் காணாமல்போன பிள்ளைகளையும் தேடுவோம். ஒரு முறை “நீலக் கலர் டவுசர், வயசு நாலு” என்று நான்கு தடவை அறிவித்தாயிற்று. அப்பாவும் அம்மாவும் அழுதுகொண்டு சுற்றுகிறார்கள். கச்சேரி முடிந்து சாமான் கட்டும்போது பார்த்தால், எங்கள் டோலக்கின் பைக்குள் சுருண்டு தூங்குகிறான் பிள்ளை. அத்தனை சத்தத்துக்குப் பத்தடியில்.

பத்து மணிக்கு மைக்கை நிறுத்தணும்னா கச்சேரியே நடக்காதே?

சட்டம் அப்படித்தான். 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக மாநில அரசு 12 மணி வரை தளர்த்தலாம்; அதுவும் வருடத்துக்கு மொத்தம் 15 நாளுக்கு மேல் கூடாது. போலீஸ் அனுமதிக் கடிதத்தைக் கமிட்டி வாங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நாங்கள் சாமான் இறக்குவோம். ஊர் மாறிப் போன அன்று ஒன்பது மணிக்குச் சேர்ந்தோம் என்றேன் அல்லவா, ஒரு மணி நேரத்தில் பதினோரு பாட்டுப் பாடினோம்.

பேசின பணம் முழுசா கைக்கு வருமா?

அநேகமாக வந்துவிடும். ஒரு ஊரில் மீதிப் பணத்தை இரண்டு சாக்குப் பையில் கொடுத்தார்கள். எல்லாம் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய் நாணயம், உண்டியல் வசூல். மஞ்சளும் குங்குமமும் ஒட்டிய காசை வேனுக்குள் போர்வை விரித்து, போன் வெளிச்சத்தில் விடியும்வரை எண்ணினோம். பேசியதைவிட முப்பத்தேழு ரூபாய் அதிகம் இருந்தது. திருப்பிக் கொடுக்க இறங்கினால் அந்த ஊர்ப் பெரியவர், “அம்மன் கொடுத்தது, வச்சுக்கங்க” என்றார். சில்லறை கிடைக்காமல் தவிக்கும் பஸ் கண்டக்டர்கள் அந்த வாரம் எங்களைத் தேடி வந்தார்கள்.

பொம்பளைப்பிள்ளை ராத்திரியில ஊர் ஊரா போறியே, உடை மாத்த, ஒதுங்க எல்லாம் எங்க போவ?

அத்தைகள் எல்லாரும் கேட்பது இதுதான். மேடைக்குப் பக்கத்து வீட்டில் இடம் கொடுப்பார்கள். “எங்க வீட்டுக்கு வாம்மா” என்று கையைப் பிடித்து இழுக்காத ஊரை நான் பார்த்ததில்லை. அந்த அன்பால் ஒரு முறை மாட்டிக்கொண்டதையும் சொல்கிறேன்.

நான் உள்ளறையில் சேலை மாற்றிக்கொண்டிருந்தேன். வெளியே வேட்டுச் சத்தம், கச்சேரி ஆரம்பிக்கப்போகிறது என்று அறிவிப்பு. நான் முன்னாடியே போய்விட்டேன் என்று நினைத்து வீட்டுக்காரம்மா கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, பாய் எடுத்துக்கொண்டு போய் முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்குள் நானும், திண்ணைப் பக்க அறையில் காது கேட்காத ஒரு பாட்டியும். ஜன்னலுக்குக் கம்பி. போன் வேனில். மைக்கில் என் பெயரைச் சொல்லி அழைக்கிறார்கள், இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை. நான் ஜன்னலில் நின்று கத்துகிறேன். ஸ்பீக்கருக்கு முன்னால் என் சத்தம் எம்மாத்திரம்? வீட்டுக்காரம்மா பக்கத்தில் இருந்தவரிடம், “இந்தப் பிள்ளை எங்க போச்சு, இப்பத்தான எங்க வீட்டுல சேலை கட்டுச்சு” என்று கவலைப்பட்டிருக்கிறார்.

காப்பாற்றியது பாட்டிதான். என் முகத்தைப் பார்த்ததும் விஷயம் புரிந்து, அடுப்படிக்கு நடந்து போய், கொல்லைக் கதவின் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டார். மாட்டுத் தொழுவம் தாண்டி, சாணியில் ஒரு கால் வைத்து, மேடைக்கு ஓடினேன். கால் கழுவ நேரமில்லை. முதல் பாட்டு அம்மன் பாட்டு, வெறுங்காலோடு பாடினேன். முடிந்ததும் வீட்டுக்காரம்மா ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். இன்றும் பொங்கலுக்குப் போன் பண்ணுவார்.

வெளிநாட்டுப் பெரிய பேண்டுக்கெல்லாம் இப்படி நடக்காதுல்ல?

நடக்கும். நான் பூட்டிய வீட்டுக்குள் மாட்டியதைச் சொன்னேன். யூ2 குழு 1997-ல் நார்வேயின் ஆஸ்லோ மேடையில், தாங்கள் இறங்கி வருவதற்காகச் செய்த ராட்சத எலுமிச்சம்பழ இயந்திரத்துக்குள்ளேயே சிக்கிக்கொண்டது. 1973 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ பக்கத்தில் தி ஹூ குழுவின் டிரம்ஸ்காரர் நடுக்கச்சேரியில் மயங்கிவிட, கூட்டத்தில் யாராவது வாசிப்பீர்களா என்று கேட்டு, ஸ்காட் ஹால்பின் என்ற 19 வயதுப் பையனை மேடையேற்றி முடித்தார்கள். ஃபூ ஃபைட்டர்ஸ் குழுவின் டேவ் குரோல் 2015 ஜூனில் ஸ்வீடனின் கோதன்பர்க் மேடையிலிருந்து விழுந்து கால் உடைந்து, கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தே பாடினார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது வான் ஹேலன் குழுவின் ஒப்பந்தம். பழுப்பு நிற எம் அண்ட் எம் மிட்டாய் ஒன்றுகூட அறையில் இருக்கக் கூடாது என்று அதில் எழுதியிருப்பார்கள். வெறும் திமிர் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். மேடை எவ்வளவு எடை தாங்க வேண்டும், எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்ற பக்கங்களை அமைப்பாளர் படித்தாரா என்று பார்க்கத்தான் அந்த வரி என்று பாடகர் டேவிட் லீ ராத் பிறகு சொன்னார். ஷாக் பற்றி மேலே எழுதியதைப் படித்தவர்களுக்கு அந்த வரியின் அருமை தெரியும். இப்போது நாங்களும் எங்கள் தாளில் “மேடைக்கு இடப்பக்கம் ஒரு மண்பானைத் தண்ணீர்” என்று எழுதுகிறோம். பானை இல்லை என்றால் டெஸ்டரை இரண்டு தடவை வைத்துப் பார்ப்போம்.

என் பையன் பேட் நல்லா வாசிக்கிறான், பன்னிரண்டாவது படிக்கிறான். உங்களோட அனுப்பலாமா?

பரீட்சை முடியட்டும் அக்கா, சித்திரையில் அனுப்புங்கள். மதியம் இரண்டு மணிக்கு பஸ் ஸ்டாண்டு பின்வாசலில் வேன் நிற்கும். ஒரு போர்வை, டார்ச் லைட், மாற்றுச் செருப்பு போதும். சாப்பாடு ஊரில் பார்த்துக்கொள்வார்கள், சில நாள் இரண்டு ஊரில். போனை எப்போதும் சட்டைப் பையிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். டீக்கடையில் இறங்கினால் ஏறும்போது வேன் கண்ணாடியில் எங்கள் குழுவின் பெயர் இருக்கிறதா என்று பார்த்து ஏறச் சொல்லுங்கள்.